பழைய நகர வரைபடத்தில் எந்த ஆண்டை நம்புவது?

நியூயார்க்கின் பழைய வரைபடங்களில் ராட்ஸர் படம் என்று ஒன்று உண்டு. ஏறக்குறைய நாலடி உயரம், மூன்றடி அகலம். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டது. தெருக்கள், பண்ணைகள், பழத்தோட்டங்கள், சதுப்பு நிலங்கள், படகுத்துறைகள் என்று படம் முழுக்க நுணுக்கமான கோடுகள். கீழே தனியாக நீளமான ஒரு காட்சி: முன்னால் கடல்நீரும் பாய்மரக் கப்பல்களும், அதற்கு அப்பால் கோபுரங்களோடு நகரம். ஓரத்தில் பொடி எழுத்தில், லண்டனில் ஜெஃப்ரிஸ் அண்ட் ஃபேடன் 1776 ஜனவரி 12 அன்று வெளியிட்டது என்று இருக்கிறது.

1776 என்றால் அமெரிக்கக் காலனிகள் பிரிட்டிஷ் அரசை எதிர்த்துத் துப்பாக்கி ஏந்தி நின்ற ஆண்டு. அதனால் இந்தத் தேதியைப் பார்ப்பவர்கள், கலகம் மூண்ட நேரத்தில் நியூயார்க் எப்படி இருந்தது என்பதை இந்தப் படம் காட்டுகிறது என்று எடுத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அப்புறம் ஒரு விஷயம் இடித்தது.

நகரின் தென்முனையில், கோட்டைக்கு முன்னால், பௌலிங் கிரீன் என்றொரு சின்னப் புல்வெளி இருந்தது. இன்றும் இருக்கிறது. 1770 ஆகஸ்டில் அங்கே மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் சிலையை வைத்தார்கள். குதிரைமேல் மன்னர், ஈயத்தில் வார்த்துப் பொன்முலாம் பூசியது. 1776 ஜனவரியில் அந்தச் சிலை நகரத்திலேயே முக்கியமான காட்சிப் பொருள். ஆனால் வரைபடத்தில் சிலை இல்லை. ஜனவரி 1776 என்று தேதி போட்ட படத்தில், ஐந்தரை ஆண்டுகளாக நின்றுகொண்டிருக்கும் மன்னரைக் காணோம்.

படம் வரைந்தவர் கவனக்குறைவானவர் அல்ல. அவர் பார்த்த நகரத்தில் சிலை இல்லை, அவ்வளவுதான். படத்தின் தலைப்பையே நிதானமாகப் படித்தால் விடை கிடைக்கும்: 1766, 1767 ஆகிய ஆண்டுகளில் அளக்கப்பட்டது என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

செதுக்கி அச்சிட்ட பழைய வரைபடங்களைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். ஒரு படத்துக்கு ஒரே ஒரு வயது கிடையாது. நிலத்தை அளந்த காலம் ஒன்று, தகட்டில் செதுக்கிய காலம் ஒன்று, தாளில் அச்சிட்டு விற்ற காலம் ஒன்று. அமைதியான ஊரில் இந்த மூன்றுக்கும் நடுவே பத்து வருடம் போனாலும் பெரிதாக எதுவும் மாறாது. கலகம் நடக்கும் ஊரில் பத்து வருடம் என்பது வேறொரு நாடு.

பாத்திரத்தில் பெயர் வெட்டுவது போல

செப்புத் தகட்டு அச்சு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் இந்த மூன்று காலக் கணக்கு பிடிபடும்.

நம் வீடுகளில் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டித் தருவார்கள். தேய்த்துக் கழுவிய பிறகும் தேய்க்கும் பொடி அந்த எழுத்துப் பள்ளங்களில் மட்டும் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும். மேற்பரப்பு பளபளவென்று இருக்கும், பள்ளத்தில் மட்டும் பொடி. செப்புத் தகட்டு அச்சின் தத்துவம் முழுவதும் இதுதான். பொடிக்குப் பதிலாக மை.

வழவழப்பாகத் தேய்த்த செப்புத் தகட்டின்மேல் படத்தை இடவலமாகத் திருப்பிப் பதித்துக்கொள்வார்கள். செதுக்குபவர் கூரான எஃகு உளியை உள்ளங்கையால் அழுத்தித் தள்ளிக்கொண்டே போவார். வளைவு வந்தால் பெரும்பாலும் கையைத் திருப்புவதில்லை, தோல் மெத்தையின்மேல் வைத்திருக்கும் தகட்டைத்தான் திருப்புவார். ஊர்ப் பெயர்கள் எல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் தலைகீழ் வரிசையில் செதுக்கப்பட வேண்டும். ராட்ஸர் படத்தின் எழுத்துகளைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். அத்தனை அழகான சாய்வெழுத்தையும் ஒருவர் வலமிருந்து இடமாக வெட்டியிருக்கிறார்.

நம் செப்பேடுகளிலிருந்து இது வேறுபடும் இடமும் அதுவே. சோழர் செப்பேட்டில் வெட்டிய எழுத்தே ஆவணம், அதை நேராகப் படிக்கலாம். வரைபடத் தகடு ஆவணம் அல்ல, அச்சுத்தாய். அதை யாரும் படிப்பதில்லை, அதிலிருந்து எடுத்த தாளைத்தான் படிக்கிறோம்.

அச்சிடும் நாளில் தகட்டை லேசாகச் சூடாக்கி மை பூசுவார்கள். துணியாலும் உள்ளங்கையாலும் துடைத்தால் மேற்பரப்பு சுத்தமாகிவிடும், கோடுகளுக்குள் மட்டும் மை தங்கும். ஈரப்படுத்திய தாளை அதன்மேல் வைத்து, கம்பளித் துணி போர்த்தி, கரும்பு பிழியும் இயந்திரம் மாதிரி இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டு அழுத்துவார்கள். ஈரத்தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும்.

இந்த அழுத்தம் தாளில் இரண்டு தடங்களை விட்டுவிடும். ஒன்று, தகட்டின் விளிம்பு தாளைச் சுற்றி ஒரு மெல்லிய பள்ளச் சட்டமாகப் பதிந்துவிடும். இன்னொன்று, மைக்கோடுகள் தாளின் மேல் துளி எழும்பி நிற்கும், விரல் நுனியால் தடவினால் தெரியும். (காப்பகத்தில் இருக்கும் படத்தைத் தடவிப் பார்க்கக் கூடாது. சாய்வான வெளிச்சத்தில் பார்த்தாலே போதும்.) ஈரத்தாள் உலரும்போது கொஞ்சம் சுருங்கவும் செய்யும். அதனால்தான் பழைய படங்களில் ‘ஓர் அங்குலம் இத்தனை அடி’ என்ற கணக்கைவிட அளவுகோல் பட்டை முக்கியம். தாள் சுருங்கினால் பட்டையும் கூடவே சுருங்கும், கணக்கு பிசகாது.

தகட்டில் ஒரு கோட்டை மாற்ற வேண்டும் என்றால் முடியும், ஆனால் வேலை அதிகம். அந்த இடத்தைச் சுரண்டி, தேய்த்து, பின்பக்கத்திலிருந்து சுத்தியலால் தட்டி மேடாக்கிச் சமப்படுத்திவிட்டு மறுபடி செதுக்க வேண்டும். புதிதாக ஒன்றைச் சேர்ப்பது அதைவிட எளிது, காலியான இடத்தில் வெட்டினால் போதும். அம்மாவின் பெயர் வெட்டிய குடத்தில் பிறகு மகளின் பெயரையும் சேர்த்து வெட்டுவது போல.

இப்படித் தகட்டில் ஒரு எழுத்து மாறினாலும், மாறிய பிறகு எடுத்த அச்சுகளை வரைபட ஆய்வாளர்கள் தனியாகப் பிரித்து ‘இரண்டாம் நிலை’ என்பார்கள். மாறுவதற்கு முன் எடுத்தவை ‘முதல் நிலை’. மூன்றாவது முறை மாற்றினால் மூன்றாம் நிலை. ராட்ஸர் படம் முதலில் சுமார் 1770-ல் வெளிவந்தது. அந்த முதல் நிலைத் தாள்களில் வெளியீட்டாளர் பெயரும் தேதியும் இல்லை. 1776 ஜனவரியில் அதே பழைய தகட்டில் அந்த ஒரு வரியைச் சேர்த்து மறுபடி அச்சிட்டார்கள். நகரம் மாறியிருந்தது, தகடு மாறவில்லை. சிலை காணாமல் போன மர்மம் இவ்வளவுதான்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு சட்டமும் இருக்கிறது. செதுக்கிய படங்களை அடுத்தவர் காப்பியடிப்பதைத் தடுக்க பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1735-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பாதுகாப்பு வேண்டும் என்றால் உரிமையாளர் பெயரையும் வெளியிட்ட தேதியையும் தகட்டிலேயே செதுக்க வேண்டும். 1767-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, நில வரைபடங்களும் நகரப் படங்களும் அதில் அடங்கும் என்று தெளிவாக்கினார்கள். ஆக, ஓரத்தில் இருக்கும் தேதி வியாபாரியின் உரிமைத் தேதி. நகரத்தின் தேதியை அதில் தேடக் கூடாது.

செதுக்கிய காலத்தைக் கண்டுபிடிப்பது துப்பறிவது மாதிரி. இந்தப் படத்தைச் செதுக்கியவர் தாமஸ் கிச்சின். தன் பெயரை வெட்டிவிட்டு, ‘மறைந்த யார்க் கோமகனின் செதுக்குநர்’ என்று பட்டமும் போட்டுக்கொண்டார். அந்தக் கோமகன், மன்னரின் தம்பி, இறந்தது 1767 செப்டம்பரில். ‘மறைந்த’ என்ற ஒற்றைச் சொல்லால் அந்த வரி 1767 செப்டம்பருக்குப் பிறகே செதுக்கப்பட்டது என்பது உறுதியாகிறது. பழைய படம் கையில் கிடைத்தால் பட்டங்களையும் சமர்ப்பண வரிகளையும் தாண்டிப் போய்விடாதீர்கள். நடுவில் இருக்கும் படத்தைவிட அவை சில நேரம் அதிகம் பேசும்.

அளந்தது எதற்காக?

நியூயார்க் அப்போது பெரிய ஊர் அல்ல. 1771 கணக்கெடுப்பில் 21,863 பேர். இப்படி ஓர் ஊரை இவ்வளவு சிரத்தையாக அளக்க வேண்டிய அவசியம் என்ன? அங்கேதான் கலகத்தின் கதை உள்ளே வருகிறது, அதுவும் 1776-க்குப் பத்து வருடம் முன்பே.

1765-ல் பிரிட்டிஷ் அரசு காலனிகள்மீது முத்திரை வரி விதித்தது. நம் ஊரில் பத்திரம் எழுத முத்திரைத்தாள் வாங்குகிறோமே, கிட்டத்தட்ட அதே ஏற்பாடு. ஆனால் பத்திரத்துக்கு மட்டுமல்ல, செய்தித்தாள், பஞ்சாங்கம், சீட்டுக்கட்டு வரைக்கும் முத்திரை வேண்டும். தங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத நாடாளுமன்றம் தங்கள்மீது வரி போட்டது என்பதுதான் மக்களின் கோபம். சட்டம் நடைமுறைக்கு வந்த 1765 நவம்பர் 1 இரவில் நியூயார்க் கூட்டம் தெருவில் இறங்கியது. பொறுப்பு ஆளுநர் கால்டனின் கொடும்பாவியைத் தூக்கிக்கொண்டு கோட்டை வாசல் வரைக்கும் போனார்கள். அவருடைய வண்டியை இழுத்துவந்து பௌலிங் கிரீனில் வைத்து எரித்தார்கள். பீரங்கிப்படை மேஜர் தாமஸ் ஜேம்ஸின் வீட்டைச் சூறையாடினார்கள்.

வட அமெரிக்காவில் பிரிட்டிஷ் படைகளுக்குத் தலைமை வகித்த ஜெனரல் தாமஸ் கேஜ் அப்போது நியூயார்க்கில்தான் இருந்தார். கூட்டம் எந்தத் தெரு வழியாக வரும், படையை எந்தச் சந்தில் நிறுத்தலாம் என்று பார்க்க, கையில் நல்ல நகரப்படம் இல்லை. அந்த டிசம்பரில் ஜான் மான்ட்ரெசர் என்ற ராணுவப் பொறியாளரிடம் நகரத்தை அளந்து தரச் சொன்னார். மான்ட்ரெசர் தன் நாட்குறிப்பில் இதை எழுதி வைத்திருக்கிறார். வேலையை ரகசியமாகவே செய்ய வேண்டியிருந்தது. அளப்பது மக்களுக்குத் தெரிந்தால் வீட்டுக்கும் உடைமைக்கும், ஏன், உயிருக்கே ஆபத்து வரலாம்.

இதைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டேன். தெருவை அளப்பது உயிர் போகிற வேலையா? அந்த ஊர்க்காரர்களுக்கு அது புரிந்திருந்தது. தங்கள் சந்துகளை ஒரு ராணுவப் பொறியாளர் காலடியால் எண்ணிக்கொண்டு போகிறார் என்றால், அது யாருக்கு உதவும் என்று அவர்களுக்குத் தெரியும். ஊரின் படம் யார் கையில் இருக்கிறது என்பது சாதாரண விஷயம் அல்ல.

ஒளிந்து, அவசரமாக, குளிர்காலத்தில் அளந்ததால் மான்ட்ரெசர் படத்தில் பிழைகள் இருந்தன. 1766 மார்ச்சில் முத்திரை வரி ரத்தானது, ஊரில் பதற்றம் தணிந்தது. அதன் பிறகு வந்தவர்தான் பெர்னார்ட் ராட்ஸர், 60-ஆவது ராயல் அமெரிக்கன் ரெஜிமென்ட்டின் லெப்டினன்ட். வெளிநாட்டுப் புராட்டஸ்டன்ட் அதிகாரிகளைச் சேர்த்து உருவாக்கிய படைப்பிரிவு அது. அவர் இரண்டு ஆண்டுகள் நிதானமாக அளந்தார். அவருடைய அளவையிலிருந்து முதலில் வந்த சிறிய படத்தில் லண்டன்காரர்கள் அவர் பெயரையே ‘ராட்ஸன்’ என்று தப்பாகச் செதுக்கிவிட்டார்கள். அதனால் அந்தச் சிறிய படம் இன்றுவரை ராட்ஸன் படம் என்றும், பெரியது ராட்ஸர் படம் என்றும் அழைக்கப்படுகின்றன. செம்பில் விழுந்த எழுத்துப்பிழை எளிதில் போகாது.

படத்துக்குள் நடந்து பார்ப்போம்

படத்தின் தென்முனையில் ஜார்ஜ் கோட்டை. அங்கிருந்து வடக்கே போகும் அகலமான தெரு பிராட்வே. கொஞ்ச தூரத்தில் இடப்பக்கம் டிரினிட்டி தேவாலயம். இன்னும் மேலே போனால் 1766-ல் திறந்த செயின்ட் பால் ஆலயம். அப்பால் அரசர் கல்லூரி. கிழக்கே ஆற்றங்கரை முழுக்கத் துறைகள், சந்தைகள். ஊர் அதோடு தீர்ந்து வயல்வெளி தொடங்கிவிடும். இன்று மன்ஹாட்டனின் 50-ஆவது தெரு இருக்கும் இடம்வரை ஏறக்குறைய படம் காட்டுகிறது, ஆனால் அதில் பெரும்பகுதி பண்ணை நிலம். மேடுகளைக் காட்ட, சரிவு இறங்கும் திசையில் நெருக்கமான குறுங்கோடுகள் போட்டிருக்கும். கோடு நெருங்கி அடர்த்தியானால் சரிவு செங்குத்து. புள்ளிகளும் கீற்றுகளுமாக இருப்பது சதுப்பு. வரிசையாக நட்ட சின்ன மரங்கள் பழத்தோட்டம்.

தெருப் பெயர்களைப் படியுங்கள். கிரவுன் தெரு, அதாவது மகுடத் தெரு. கிங் தெரு. குயின் தெரு. லிட்டில் குயின் தெரு. பிரிட்டிஷார் போன பிறகு, 1794-ல், கிரவுன் தெரு லிபர்ட்டி தெருவானது. கிங் தெருவுக்கு பைன் மரத்தின் பெயர், லிட்டில் குயின் தெருவுக்கு சீடர் மரத்தின் பெயர். குயின் தெரு பேர்ல் தெருவோடு சேர்ந்தது. அரசர் கல்லூரி 1784-லேயே கொலம்பியா கல்லூரியாகிவிட்டது. இன்றைய கொலம்பியா பல்கலைக்கழகம் அதுதான்.

ஊருக்கு வடகிழக்கே டிலான்சி சதுக்கம் என்று பெரியதாக ஒன்று வரைந்திருக்கும், சுற்றிலும் நேர்நேராகத் தெருக்கள். அந்தச் சதுக்கம் கட்டப்படவே இல்லை. ஜேம்ஸ் டிலான்சி பெரிய நிலச்சுவான்தார், தன் நிலத்தை மனைகளாகப் பிரித்துப் பெரிய குடியிருப்பு கட்டும் கனவு அவருக்கு. அவர் மன்னர் பக்கம் நின்றார், 1775-ல் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். புதிய அரசு அந்த நிலத்தைப் பறிமுதல் செய்து துண்டு துண்டாக விற்றது. டிலான்சி தெருவும், அவருடைய தோட்டத்தின் நினைவாக ஆர்ச்சர்ட் தெருவும் இன்றும் அங்கே இருக்கின்றன. ஆக, செதுக்கியிருப்பதெல்லாம் கட்டியது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அளந்ததும் ஆசைப்பட்டதும் ஒரே மாதிரிக் கோட்டில் வரும்.

இல்லாதவற்றையும் பார்க்க வேண்டும். பண்ணைகளுக்கு மேல் உரிமையாளர்களின் பெயர்கள் இருக்கின்றன. அந்த 21,863 பேரில் 3,137 பேர் கறுப்பின மக்கள், பெரும்பாலும் அடிமைகள். துறைகளிலும் பண்ணைகளிலும் உழைத்த அவர்கள் பெயரைத் தாங்கி இந்தப் படத்தில் ஒரு மூலைகூட இல்லை. 1755-ல் வெளிவந்த, மார்ஷல்க் என்பவரின் நகரப்படத்தில் ஊருக்கு வெளியே அவர்களுடைய இடுகாட்டைக் குறித்திருந்தார்கள். பிறகு அதன்மேல் நகரம் வளர்ந்து மூடிவிட்டது. 1991-ல் ஓர் அரசுக் கட்டடத்துக்குத் தோண்டியபோது எலும்புகள் வெளிவந்தன, 400-க்கும் மேற்பட்டவர்களுடைய எச்சங்கள். இப்போது அந்த இடம் தேசிய நினைவிடம். ஓர் ஊரைப் பற்றி ஒரே படத்தை வைத்துப் பேசக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

பழைய தகட்டுக்குப் புதுச் சந்தை

சரி, 1767-ன் நகரத்தை 1776-ல் எதற்காக மறுபடி அச்சிட்டார்கள்? வாங்க ஆள் இருந்தது. 1775 ஏப்ரலில் பாஸ்டன் பக்கம் சண்டை மூண்டதிலிருந்து லண்டனில் அமெரிக்க வரைபடங்களுக்குக் கிராக்கி. தாமஸ் ஜெஃப்ரிஸ் என்ற பெரிய வரைபட வெளியீட்டாளர் 1766-ல் நொடித்துப்போனார், 1771-ல் இறந்தார். அவருடைய தொழிலைத் தொடர்ந்த இளைஞர் வில்லியம் ஃபேடன். செய்தித்தாளில் படிக்கும் ஊர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்பியவர்களுக்கு, கைவசம் இருந்த நல்ல தகடுகளைத் தேதி போட்டு விற்றார்.

அந்த ஆண்டு முடிவதற்குள் நியூயார்க்கில் என்னவெல்லாம் நடந்தது என்பதை இதே படத்தில் விரல் வைத்துத் தொடரலாம். ஜூலை 9 அன்று சுதந்திரப் பிரகடனத்தை, காலனிகளின் தளபதி வாஷிங்டனின் படைகளுக்கு வாசித்தார்கள். அன்று மாலையே கூட்டம் பௌலிங் கிரீனுக்குப் போய் மன்னர் சிலையைக் கயிறு கட்டி இழுத்துத் தள்ளியது. சிலையின் ஈயத்தை கனெக்டிகட்டுக்குக் கொண்டுபோய் 42,088 துப்பாக்கிக் குண்டுகளாக வார்த்தார்கள். ஆகஸ்ட் 27 அன்று புரூக்ளின் பக்கம் நடந்த பெரும்போரில் வாஷிங்டன் தோற்றார். 29-ஆம் தேதி இரவு, மழைக்கும் மூடுபனிக்கும் நடுவே, சுமார் 9,000 வீரர்களைப் படகுகளில் ஆற்றைக் கடத்தினார். படத்தின் வலப்பக்கம் புரூக்ளின் படகுத்துறையைக் கண்டுபிடித்து, நேர் எதிரே மன்ஹாட்டன் கரைக்குப் பாருங்கள். அந்த இரவின் தூரம் தாளில் சில அங்குலம்தான்.

செப்டம்பர் 15 அன்று பிரிட்டிஷார் நகரத்தைப் பிடித்தார்கள். 21-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் தீப்பிடித்தது. ஏறக்குறைய 500 வீடுகள் சாம்பல். பிராட்வேயின் இடப்பக்கம் நாம் பார்த்த டிரினிட்டி தேவாலயமும் போனது. செயின்ட் பால் ஆலயம் தப்பித்தது, இன்றும் நிற்கிறது. ஆக, ஜனவரியில் இந்தப் படத்தை வாங்கிய லண்டன்காரர் செய்தி வந்ததும் அதை விரித்தபோது, அவர் பார்த்த தெருக்களில் ஒரு பகுதி தரைமட்டமாகியிருந்தது. கப்பலில் செய்தி லண்டன் போய்ச்சேரவே ஐந்தாறு வாரம் ஆகும்.

ஃபேடன் சும்மா இருக்கவில்லை. 1776 அக்டோபர் 19 அன்று, ஆகஸ்ட் போரின் படை நகர்வுகளோடு நியூயார்க் தீவின் புதிய படம் ஒன்றை வெளியிட்டார். அடுத்தடுத்த செய்தி வரவர அதே தகட்டில் சேர்த்துச் சேர்த்து விற்றார். அதனால் அந்தப் படத்துக்கு நிலைகள் பல. ஒரே படம் என்று நினைத்து இரண்டு பிரதிகளை அருகருகே வைத்தால், ஒன்றில் இல்லாத படைவரிசை இன்னொன்றில் இருக்கும். ‘நிலை’ என்ற சொல்லின் பொருள் ராட்ஸர் படத்தில் ஒரு வரியில் தெரிகிறது என்றால், ஃபேடனின் போர்ப்படத்தில் அது நாளேடு மாதிரி ஓடுகிறது.

கையில் ஒன்று கிடைத்தால்

பழைய வரைபடம் என்று விற்கப்படும் பலவும் மறுபதிப்புகள். மறுபதிப்பு என்பதாலேயே அது மோசடி ஆகிவிடாது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் நியூயார்க் நகராட்சியின் ஆண்டுக் கையேடே பழைய நகரப்படங்களைக் கல்லச்சில் (செதுக்காமல், வழவழப்பான கல்லின்மேல் வரைந்து அச்சிடும் முறை) மறுபதிப்பு செய்து சேர்த்தது. ஆனால் எது எது என்று தெரிந்து வாங்க வேண்டும். கல்லச்சு தட்டையானது, தகட்டு விளிம்பின் பள்ளச் சட்டம் இருக்காது, கோடு எழும்பி நிற்காது. பூதக்கண்ணாடியில் சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அது அண்மைக்கால ஆஃப்செட் அச்சு. அந்தக் காலத்துக் கைத்தயாரிப்புத் தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பெரும்பாலும் சல்லடைக் கம்பிகளின் தடம் வரிவரியாகத் தெரியும். வண்ணம் பெரும்பாலும் தூரிகையால் பூசியதாகவே இருக்கும். அப்போது இத்தகைய படங்களைப் பெரும்பாலும் கறுப்பில்தான் அச்சிட்டார்கள்.

முதல் நிலைப் பிரதிகள் எவ்வளவு அரியவை என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. 2010-ல் புரூக்ளின் வரலாற்றுச் சங்கத்தில் ஒரு பழைய சுருள் கிடைத்தது. துணியில் ஒட்டி, மேலே அரக்கு வார்னிஷ் பூசி, காபி நிறத்துக்கு இருண்டு, தொட்டால் உடையும் நிலையில் துண்டுதுண்டாக இருந்தது. அது ராட்ஸர் படத்தின் முதல் நிலைப் பிரதி. அதுவரை தெரிந்தவை மூன்றே மூன்று. தாள் பாதுகாப்பு வல்லுநர் அந்த வார்னிஷை நீக்கி, துண்டுகளைக் கழுவி ஒன்றுசேர்த்தார். இணைத்த இடங்களில் வெள்ளையாகத் தெரிந்த விளிம்புகளைப் பழைய தாளின் நிறத்துக்குக் கொண்டுவர, பழைய புத்தகத் தாள்களைக் கொதிக்கவைத்து வடித்த சாயத்தைப் பூசினார். பழைய தாளின் நிறத்தைப் பழைய தாளே கொடுத்தது.

இந்தப் படத்தைப் பார்க்க நியூயார்க் போகவும் வேண்டாம், விலை கொடுக்கவும் வேண்டாம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் மிகத் துல்லியமாக வருடி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. கைபேசியைவிடப் பெரிய திரையில் திறந்து, முதலில் ஓரங்களைப் படித்துவிடுங்கள். தலைப்பில் அளந்த ஆண்டு, கிச்சின் பெயரோடு ‘மறைந்த’ என்ற சொல், அடியில் வியாபாரியின் தேதி.

அப்புறம் கீழே உள்ள கடற்காட்சிக்கு வாருங்கள். அதன் தலைப்பில், கவர்னர்ஸ் தீவிலிருந்து பார்த்து வரைந்தது என்று எழுதி, பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி போட்டிருக்கும். மேலே படத்தில் அந்தத் தீவைத் தேடினால் அங்கேயும் அதே நட்சத்திரம். ஓவியர் நின்ற இடம் அது. அங்கிருந்து பார்த்தால் டிரினிட்டியின் கோபுரம் இன்னும் எரியாமல் நிற்கும்.